மாஸ்டர் காப்பி எங்களிடம் பத்திரம்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் ஜெபக்குமாருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கும் அவருடைய கடைக்கு, பள்ளிக்கூடச் சேர்க்கைக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்க ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். நீலத் துணிக்கு முன்னால் ஒவ்வொருவராக உட்காரவைத்து, "மூஞ்ச நிமித்து, கண்ண மூடாத" என்று சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை வறண்டுவிடும். மனைவி ஜாக்குலின் கம்ப்யூட்டரில் முகங்களைக் கொஞ்சம் வெளுப்பாக்கி, அச்சுப் போட்டு, கத்தரித்து, உறையில் இட்டுக் கொடுப்பாள்.

ஒரு காலத்தில் 'ஜெபா வீடியோஸ்' என்றால் மாமல்லபுரத்திலிருந்து மதுராந்தகம் வரைக்கும் விசேஷ வீடுகளில் தெரியாதவர்கள் கிடையாது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை என்று வருஷத்துக்கு நூறு வீடுகளில் அவர் கேமரா ஏறி இறங்கியிருக்கிறது. ட்ரோன் பறக்கவிடும் ஆட்கள் வந்த பிறகு அந்தத் தொழில் கைவிட்டுப் போயிற்று. நீலத் துணிதான் இப்போது சோறு போடுகிறது.

அன்று காலை பதினோரு மணியிருக்கும். வரிசையில் சேராமல் ஓரமாக நின்றுகொண்டிருந்த ஒருவரை ஜாக்குலின்தான் முதலில் பார்த்தாள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வாட்ச்மேன் சட்டை, தோளில் ஒரு துணிக்கடைப் பை. கடற்கரைப் பக்கத்து ரிசார்ட் ஒன்றில் இரவு வேலை முடித்து அப்படியே பஸ் ஏறி வந்தவரைப் போலக் கண் சிவந்திருந்தது.

"இன்னாணா, போட்டோவா?"

"இல்லமா. சாரப் பாக்கணும். டிஸ்க் விஷயமா."

கூட்டம் குறைந்ததும் அவர் உள்ளே வந்தார். பெயர் ராமதாஸ் என்றார். ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே மணமை. பைக்குள்ளிருந்து ஒரு பழைய பனியன் துணிச் சுருளை எடுத்து, கைக்குழந்தையின் துணியை விலக்குவதுபோல மெல்ல விலக்கினார். உள்ளே ஒரு டிவிடி. அதன்மேல் ஒட்டியிருந்த வட்டத் தாளில், தலை நிறையப் பூ வைத்த ஒரு பதின்மூன்று வயதுப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். 'செல்வி அமுதவல்லி மஞ்சள் நீராட்டு விழா.' அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில்: 'இதைக் காப்பி செய்ய இயலாது. மாஸ்டர் காப்பி எங்களிடம் பத்திரம். கூடுதல் பிரதிகளுக்கு அணுகவும், ஜெபா வீடியோஸ்.'

"ரெண்டு வாரமா ஓட மாட்டேங்குது சார். பாதில நின்னு நின்னு போவுது. மாஸ்டர்லருந்து ஒண்ணு போட்டுக் குடுங்க. எம் பொஞ்சாதி சாப்புடாம கீறா."

ஜெபக்குமார் அந்தச் சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வரியை அச்சடித்தவர் அவர்தான். காரணம் இல்லாமல் அச்சடிக்கவில்லை. அந்த நாட்களில் அவர் இரண்டு நாள் தூங்காமல் ஒரு விசேஷத்தை எடுத்து, ஒரு வாரம் உட்கார்ந்து எடிட் செய்து, பாட்டுச் சேர்த்து, டிஸ்க் போட்டுக் கொடுப்பார். வீட்டுக்காரர்கள் அவரிடம் ஒன்றே ஒன்று வாங்கிக்கொண்டு, பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டரில் டீக்காசுக்குப் பத்துப் பிரதி எடுத்து சொந்தபந்தங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். உழைத்தவன் ஒருவன், பிழைத்தவன் வேறொருவன் என்று அவருக்கு வயிறு எரிந்தது. அப்போதுதான் சென்னையிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் வியாபாரி வந்தான். "இத போட்டு பர்ன் பண்ணுங்க சார். டிவில ஓடும். கம்ப்யூட்டர்ல காப்பி எடுக்கப் போனா எர்ரர் காட்டும். எத்தினி பிரதி வேணும்னாலும் உங்ககிட்டதான் வந்தாவணும்" என்றான்.

அன்றிலிருந்து ஜெபா வீடியோஸின் ஒவ்வொரு டிஸ்க்கும் பூட்டோடுதான் வெளியே போயிற்று. ஆட்கள் திரும்பி வந்தார்கள். முதலில் இரண்டு வருஷம் கேட்டவர்களுக்குப் பிரதி போட்டும் கொடுத்தார். பிறகு வேலை குவிந்தது. கேமராவுக்குப் போடும் சின்ன கேசட் விலை அதிகம். ஆறு மாதம் ஆனதும் பழைய கேசட்டையே அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப் போட்டார். எடிட் செய்த கம்ப்யூட்டரிலும் இடம் வேண்டுமென்று பழையதை அழித்தார். மாஸ்டர் போய்விட்டது. 'பத்திரம்' என்ற வார்த்தை மட்டும் அச்சில் வந்துகொண்டே இருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

"பொண்ணு இப்ப எங்கணா கீது? கட்டிக் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டு வைத்தார்.

ராமதாஸ் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "அன்னிக்கே போன்ல சொன்னேனே சார். விசேஷம் வெச்சி மூணாம் வருஷம், பதினொண்ணாவது படிக்கசொல்ல, மூளைக் காய்ச்சல் வந்து தவறிட்டா. மூணே நாளு."

ஜெபக்குமாருக்கு நினைவு வரவில்லை.

"அப்ப எங்க வூட்ல கேமரா போன் ஏது? அவ பேசுனது இந்தப் படத்துல மட்டும்தான் கீது. அவ போன அடுத்த மாசமே புதுப்பட்டினம் பிரவுசிங் சென்டருக்கு எடுத்துகினு போனேன், ரெண்டு மூணு காப்பி போட்டு வெச்சிக்கலாம்னு. லாக் போட்டு கீறாங்க, எடுத்தவரயே கேளுன்னு சொல்ட்டாங்க. உங்களுக்கு போன் போட்டேன். மண்டபத்துல கீறேன், மாஸ்டர் பத்திரமா கீது, சீசன் முடியட்டும்னீங்க. அப்பால நாலு வருஷம் கழிச்சி ஒரு தபா இங்கயே வந்தேன். அப்பவும் அதேதான் சொன்னீங்க. சரி, சார்கிட்ட கீது, எங்க போயிடப் போவுதுன்னு நாங்களும் தெகிரியமா இருந்துட்டோம்."

குறை சொல்லும் தொனியே அவர் குரலில் இல்லை. நன்றி சொல்வதுபோலத்தான் சொன்னார். அதுதான் ஜெபக்குமாரைக் கொன்றது.

"வெச்சிட்டுப் போங்கணா. பாக்கறேன்" என்றார்.

"எம் பொஞ்சாதிக்கு சக்கர வியாதில ரெண்டு கண்ணும் பூட்ச்சி சார். படம் தெரியலன்னாலும் பரவால்ல. சத்தம் வந்தா போதும்" என்று சொல்லிவிட்டு ராமதாஸ் படி இறங்கினார்.

அன்று மத்தியானமே ஜெபக்குமார் பரண்மேல் ஏறினார். ஜாக்குலின் கீழே நின்று அட்டைப் பெட்டிகளை வாங்கி வைத்தாள். கேசட்டுகள் ஒவ்வொன்றின் முதுகிலும் பெயர்கள் எழுதி, அடித்து, மேலே வேறு பெயர் எழுதியிருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு 'அமுதவல்லி, மணமை' என்று எழுதிய கேசட் கிடைத்தது. அந்தப் பெயரின் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே 'கேசவன் கல்யாணம், திருக்கழுக்குன்றம்'. பழைய கேமராவைத் தூசி தட்டி, கேசட்டைச் செருகி ஓட்டினார். யாரோ ஒரு கேசவன் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபத்துப் படியேறினான். ஒரு மணி நேரமும் அவன்தான். ஓரிடத்தில், இரண்டு காட்சிகளுக்கு நடுவே, ஒரு வாழைமரத் தோரணம் கண் இமைக்கும் நேரம் வந்து போயிற்று. அது அடியில் அழிந்துபோன பழைய விசேஷத்தின் மிச்சம். அதற்குள் மறைந்துவிட்டது.

"இன்னாங்க, இத அவருகிட்ட எப்டி சொல்லப் போறீங்க?" என்றாள் ஜாக்குலின்.

"டிஸ்க்லருந்து எடுத்துடலாம். பூட்டுதான, ஒடச்சிட்டா போச்சு."

பூட்டை உடைப்பது இப்போது ஒரு வேலையே இல்லை. மறுநாள் பொத்தேரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தன் சிநேகிதன் பாலாவிடம் டிஸ்க்கைக் கொண்டுபோனார். எதிரே இருந்த கல்லூரியின் மாணவர்கள் லேப்டாப்பும் கையுமாக வரிசை கட்டியிருந்தார்கள். பாலா ஏதோ ஒரு இலவச மென்பொருளைத் தட்டிவிட்டு, டீ வருவதற்குள், "லாக் ஒடஞ்சிடுச்சி" என்றான். எத்தனையோ குடும்பங்களை இத்தனை வருஷம் திருப்பி அனுப்பிய பூட்டு, ஒரு டீ நேரம்கூடத் தாங்கவில்லை.

ஆனால் பிரதி எடுக்கத் தொடங்கியதும் இயந்திரம் முனக ஆரம்பித்தது. இருபது நிமிடப் படம் வரைக்கும் வந்தது. அதன்பின் ஒரு துளிகூட நகரவில்லை. பாலா டிஸ்க்கை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தான். நடுப்பகுதி ஊதாவாக மின்னியது. அங்கிருந்து விளிம்பு வரைக்கும் தேமல் விழுந்த தோல்போல வெளுத்திருந்தது.

"உள்ளருந்து வெளிய எழுதிகினு போவும்ணா இது. முதல்ல எழுதுனது நடுவுல. கடைசில எழுதுனது ஓரத்துல. ஓரம் பூரா செத்துப் போச்சு."

"வேற டிரைவ்ல போட்டுப் பாருப்பா."

"பாக்கறேன். ஆனா இது நாமளே எரிக்கற டிஸ்க்குணா, அதுவும் கம்பெனி பேரு இல்லாம கட்டுக் கட்டா விக்கற டிஸ்க்கு. இதுக்கு ஆயுசே பத்து, பாஞ்சு வருஷம்தான். கடல் ஓரம் வேற, உப்புக் காத்து."

பாலா ஐந்து நாள் முயன்றான். நாலு விதமான டிரைவில் போட்டான். சென்னையில் தெரிந்த ஒருவனுக்கும் அனுப்பிவைத்தான். ஐந்தாம் நாள் டிஸ்க்கையும் ஒரு பென் டிரைவையும் மேசைமேல் வைத்தான். ஜெபக்குமார் அந்த இருபது நிமிடத்தை அங்கேயே உட்கார்ந்து பார்த்தார். வாழைமரம் கட்டிய வாசல். தாய்மாமன் சீர்த் தட்டுகள் வரிசையாக வருகின்றன. சிவப்புப் புடவை கட்டிய ஒரு பெண், அமுதவல்லியின் அம்மாவாக இருக்க வேண்டும், வாசலுக்கும் பந்தலுக்கும் ஓடி ஓடி எல்லோரையும் வாங்க வாங்க என்று கூப்பிடுகிறாள். பெண்ணை இன்னும் வெளியே அழைத்து வரவில்லை. அழைத்து வரக் கதவு திறக்கிறது. அங்கேயே படம் உறைந்துவிட்டது.

"லாக் மட்டும் இல்லன்னா அவங்க அன்னிக்கே நாலு காப்பி போட்டிருப்பாங்கணா. ஒண்ணு செத்தாலும் ஒண்ணு பொழச்சிருக்கும்" என்றான் பாலா. சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெபக்குமார் கோயிலுக்குப் போகவில்லை. மணமைக்கு பஸ் ஏறினார். போனிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று முறை எண்ணைப் போட்டு மூன்று முறையும் துண்டித்திருந்தார். வருகிறார் என்று மட்டும் ஜாக்குலின் போனில் சொல்லியிருந்ததால், நிறுத்தத்தில் ராமதாஸ் டிவிஎஸ் மொபெட்டோடு காத்திருந்தார். அவர் முகத்திலிருந்த ஆவலைப் பார்த்ததும், வண்டியில் ஏறாமல் அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். கேசட்டை அழித்தது, டிஸ்க் செத்தது, இருபது நிமிடம் மட்டும் மிஞ்சியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் இரைந்து போய்க்கொண்டிருந்தன. ராமதாஸ் இரண்டு முறை, "இன்னா சொல்றீங்க, கேக்கல" என்றார். உண்மையில் கேட்டிருந்தது.

பிறகு, "அவகிட்ட சொல்லாத சார்" என்றார். "இன்னும் பத்து நாளு ஆவும்னு சொல்லிடு. அது போனா இன்னும் பத்து நாளு. கிட்னியும் போய்கினு கீதுன்னு டாக்டர் சொல்ட்டாரு. அவ போற வரைக்கும் அப்டியே தள்ளிடலாம்."

ஜெபக்குமார் சரி என்று தலையசைத்தார். தள்ளிப்போடுவது அவருக்குப் பழகிய வேலைதான்.

வீடு சவுக்குத் தோப்பை ஒட்டியிருந்தது. கூடத்தில் டிவிக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் ராமதாஸின் மனைவி செங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கி, பாதத்தில் கட்டுப் போட்டிருந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்தாள்.

"யாருய்யா கூட?"

"நான்தாம்மா, செங்கல்பட்டுலருந்து..."

"இரு, இரு. இன்னொரு தபா பேசு."

"செங்கல்பட்டுலருந்து வரேன்மா. ஜெபா வீடியோஸ்."

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "நீதான அந்தக் கேமராக்காரன்! 'பாப்பா, இங்க பாரு, பாப்பா'ன்னுவியே. நீ சொன்ன ஒடனேதான் எம் பொண்ணு நிமுருவா. 'எம்மா, பொடவ குத்துது, பசிக்குது, இவர போவ சொல்லும்மா'ம்பா. சொல்லிட்டு சிரிப்பா பாரு... டெய்லி உன் கொரலயும் சேத்துதான்பா கேட்டுகினு இருந்தேன். எங்கயோ கேட்ட கொரலா? எங்க வூட்டு ஆளு கொரலு." கணவன் இருக்கும் பக்கமாகத் திரும்பி, "இன்னாயா நின்னுகினு கீற? போயி கலரு சோடா வாங்கியா. வெயில்ல வந்துகீறாரு" என்று அதட்டினாள்.

ராமதாஸ் போகவில்லை. கதவுக்கு வெளியே தள்ளி நின்றுகொண்டார்.

"கண்ணு போனப்பகூட நான் அழுவலப்பா. காது கீதேன்னு இருந்தேன். டிஸ்க் நின்னு போனப்பதான் பயந்துட்டேன். அப்பால இவருதான் சொன்னாரு, அழுவாத, பெரிய காப்பி அவர்கிட்ட பத்திரமா கீதுன்னு. எடுத்தாந்தியா?"

பத்து நாள் ஆகும் என்று சொல்ல ஜெபக்குமார் வாயைத் திறந்தார். அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. பார்வையற்ற இரண்டு கண்களும் அவர் குரல் வரும் திசையை நோக்கி, இவர் தங்கள் வீட்டு மனிதர் என்ற நம்பிக்கையோடு காத்திருந்தன. அவரால் முடியவில்லை.

"இல்லம்மா. மாஸ்டர் எங்கிட்ட இல்ல. எப்பவோ அழிச்சிட்டேன். அழிச்சத உங்ககிட்ட சொல்லாம இருந்துட்டேன்."

வெளியே ராமதாஸ் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"ஒரு எடத்துலயும் இல்லியா?"

"ஒரு எடத்துலயும் இல்லம்மா."

"ஏன்பா பூட்டு போட்ட?"

"வேற கடைல காப்பி எடுத்துடுவாங்கன்னு..."

"எடுத்தா இன்னா?"

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவரிடம் இதற்கு நல்ல பதில் இருந்தது. உழைப்பு, செலவு, வயிற்றெரிச்சல் எல்லாம் இருந்தன.

செங்கம்மாள் கத்தவில்லை. சபிக்கவும் இல்லை. புரியாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்பவளைப் போலக் கேட்டாள். "நீ புடிச்ச படம், அதுக்கு உனக்குக் குடுக்க வேண்டியத நாங்க குடுத்துட்டோம். அதுக்குள்ள கீறது எம் பொண்ணு. அவள நீ எப்டிப்பா பூட்டுன?"

ஜெபக்குமார் பென் டிரைவை எடுத்து அவள் கையில் வைத்து, இருபது நிமிடம் கிடைத்திருக்கிறது என்றார்.

"அதுல அமுலு பேசுறாளா?"

"இல்லம்மா. அவங்க வெளிய வர்றதுக்கு முன்னாடியே நின்னு போச்சு."

"அப்ப எனக்கு எதுக்கு?" அவள் அதைத் திருப்பி நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

அவள் தன் மடியைத் தடவிக்கொண்டாள். பிறகு, "ஒண்ணே ஒண்ணு செய்யி. அத ஒரு தபா சொல்லு" என்றாள்.

"எதம்மா?"

"பாப்பா, இங்க பாருன்னு சொல்லு."

ஜெபக்குமார் சொன்னார். குரல் பாதியில் உடைந்தது.

"அப்டி இல்ல. அன்னிக்கு சொன்ன மாதிரி. நல்லா சத்தமா."

அவர் கல்யாணக் கூட்டத்துக்கு நடுவே நிற்பவர் போலக் குரலை உயர்த்தினார். "பாப்பா! இங்க பாரு, பாப்பா!"

செங்கம்மாள் காதைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். உதடு லேசாக அசைந்தது, அடுத்து வர வேண்டிய வார்த்தைகளுக்கு இடம் விடுவதுபோல. தோப்பிலிருந்து காற்றின் இரைச்சல் வந்தது. சாலையில் ஒரு பஸ் ஒலி எழுப்பிக்கொண்டு போனது. வேறொன்றும் வரவில்லை.

"வரல" என்றாள். "டிஸ்க் ஓடாத நாள்லகூட, நெனச்சா தானா வரும். இப்ப வரல. நீ போயிட்டு வாப்பா."

அதன்பின் ஜெபக்குமார் செய்தது ஒன்றுதான். பழைய ஆர்டர் நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, கடையில் கூட்டம் இல்லாத மத்தியானங்களில் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டார். "ஜெபா வீடியோஸ்லருந்து பேசறேன். உங்க டிஸ்க்ல நான் பூட்டு போட்டு வெச்சிருந்தேன். எடுத்துகினு வாங்க, காசு வாணாம், பூட்டு இல்லாம போட்டுத் தரேன். மாஸ்டர் எங்கிட்ட இருக்குன்னு நம்பாதீங்க. இல்ல." முக்கால்வாசி எண்கள் உபயோகத்தில் இல்லை. சிலர் அந்த டிஸ்க்கை எப்போதோ குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். கல்பாக்கம் நகரியத்திலிருந்து ஓய்வுபெற்றுப் போன ஒரு அதிகாரி, இதை இவ்வளவு வருஷம் சொல்லாமல் இருந்ததற்கு உன்மேல் வழக்குப் போட வேண்டும் என்று கத்தினார். போடுங்கள் சார் என்று ஜெபக்குமார் மெல்லச் சொன்னார். பதினொரு பேர் டிஸ்க்கோடு வந்தார்கள். நாலு டிஸ்க்குதான் முழுசாகப் பிழைத்தது. கோவளத்திலிருந்து வந்த ஷபானா என்ற பெண், தன் நிக்காஹ் வீடியோவில் இறந்துபோன தகப்பனார் பேசும் இடம் செத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, பர்தாவை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனாள். ஜாக்குலின் பின்னாலேயே தெருமுனை வரை ஓடினாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கார்த்திகை மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், ராமதாஸ் கடைக்கு வந்தார். தலை மொட்டை அடித்திருந்தது. ரேஷன் கார்டில் ஒட்டியிருந்த ஒரு சின்னப் படத்தைக் காட்டி, இதைப் பெரிதாக்கி மாலை போடுகிற அளவுக்குக் கண்ணாடி போட்டுத் தர வேண்டும் என்றார். ஜெபக்குமார் படத்தை வாங்கிப் பார்த்தார். செங்கம்மாள். கண் தெரிந்த காலத்தில் எடுத்த படம்.

"எப்பணா?"

"பதினாறாம் நாளு காரியமே முடிஞ்சி போச்சு. கடைசி வரைக்கும் டிவி முன்னாலதான் ஒக்காந்துகினு இருந்தா. டிவி ஓடல, சும்மாதான் ஒக்காந்திருப்பா."

ஜெபக்குமாரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு ராமதாஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அந்த இருவது நிமிசம் கீதா சார்? அதுல எம் பொஞ்சாதி பேசுவாளா?"

"பேசுறாங்கணா. பந்தல்ல எல்லாரையும் வாங்க வாங்கன்னு கூப்புடுறாங்க. சாப்ட்டுட்டுதான் போவணும்னு யாரையோ சண்ட புடிக்கிறாங்க. நல்லா கேக்குது."

ராமதாஸ் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. வழிந்தபடியே விட்டுவிட்டார்.

"அப்ப அத நாலா போட்டுக் குடு. ஒண்ணு எங்கிட்ட. ஒண்ணு கேளம்பாக்கத்துல எம் பையன் மணிகிட்ட. ஒண்ணு எம் மச்சினிச்சி வூட்ல. ஒண்ணு நீ வெச்சிக்கோ. யாரு கேட்டாலும் காப்பி எடுத்துக் குடு, பூட்டு கீட்டு ஒண்ணும் வாணாம்." அவர் எழுந்து நின்றார். "பூட்டி வெச்சா பத்திரம்னு நானும் நம்புனேன், நீயும் நம்புன. ஒருத்தன் பூட்டி வெச்சது அந்த ஒருத்தனோட போயிடும் சார், நாலு பேரு கைல கீறதுதான் நெலைக்கும். ஒரு மனுசன் சிரிச்சதும் பேசுனதும் அவன் வூட்டுக்காரங்களுக்குச் சொந்தம், கடக்காரனுக்குச் சொந்தம் இல்ல. இத எல்லார்கிட்டயும் சொல்லு. எங்கிட்ட சொல்லாம வுட்டியே, அந்த மாதிரி வேற யாரையும் வுட்றாத."